யானை போட்ட மாலை

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, பிறகு யாரும் அதிகம் புரட்டிப் பார்க்காத புத்தகம். அதில் விக்கிரமபுரி என்றொரு ராஜ்யம் வருகிறது. ராஜா இல்லை, பட்டத்துக்கு ஆள் வேண்டும். யானையிடம் மாலையைக் கொடுத்து ஊருக்குள் விடுகிறார்கள். காணாமல்போன கணவனைத் தேடி ஆண் வேஷத்தில் வந்த ஞானாம்பாளின் கழுத்தில் அது மாலையைப் போட்டுவிடுகிறது. அவள் ராஜா ஆகிறாள். நன்றாகவும் ஆளுகிறாள்.

இதை எழுதியவர் நிர்வாகம் அறியாத கற்பனைக்காரர் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிக்குப் பக்கத்துக் குளத்தூரில் பிறந்தவர். கோர்ட்டில் ஆவணங்களைக் காத்து, மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1857இல் முனிசீப் ஆனவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துக்குள்ளேயே நீதி சொல்லிக்கொண்டிருந்தார். வேலையைவிட்டு இறங்கிய பிறகு மாயூரம் நகரசபைத் தலைவர் பதவியும் அவரிடம் வந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைத் தின்றபோது தன் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தார். அதே ஊரில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி அதற்காகவே அவர்மேல் கீர்த்தனை பாடினார். 1878இல் வந்த பிள்ளையின் சர்வசமய சமரசக் கீர்த்தனைகளிலும் பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் மன்றாடும் பாட்டுகள் உண்டு.

ஆக, ஆபத்துக் காலத்தில் மனிதர்களின் தரம் எப்படித் தெரியவரும் என்பதைக் கண்ணால் கண்டவர். அப்படிப்பட்டவர் தன் கதைக்கு ஓர் அரசன் தேவைப்பட்டபோது என்ன செய்திருக்கலாம்? பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஊருக்குச் சோறு போட்டவள் ஞானாம்பாள், அதனால் குடிகள் கூடி அவளைச் சிம்மாசனத்தில் உட்கார்த்தினார்கள் என்று எழுதியிருக்கலாம். இன்றைய சினிமாக்காரர் அப்படித்தான் எடுப்பார். பிள்ளை எழுதவில்லை. யானையிடம் விட்டுவிட்டார். அது பழைய கதை மரபு என்று சொல்லி முடித்துவிடலாம்தான். எனக்கென்னவோ அதற்கு மேலும் ஒரு நிதானம் அதில் இருப்பதாகப் படுகிறது. பஞ்சத்தைச் சமாளித்தவர்களுக்கு என்ன பரிசு கிடைத்தது என்பதை அவர் பத்திரிகையில் படித்திருப்பார் அல்லவா?

சர் ரிச்சர்ட் டெம்பிளின் கதை அதுதான். 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது அவர் வங்காளத்தில் பொறுப்பில் இருந்தார். பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கினார். சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, ஊதாரி என்ற வசை. அந்தச் சூடு ஆறுவதற்குள் 1877இல் அவரைச் சென்னை மாகாணத்துக்குப் பஞ்சம் பார்க்க அனுப்பினார்கள். இந்த முறை கையை இறுக்கிக்கொண்டார். நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று விதித்தார். ‘டெம்பிள் கூலி’ என்று சரித்திரத்தில் கெட்ட பெயர் எடுத்த கூலி அது. மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று சண்டை போட்டார். மக்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள். டெம்பிள் அதே ஆண்டு பம்பாய் கவர்னர் ஆனார்.

உயிர்களைக் காப்பாற்றியதற்கு வசை, காசைக் காப்பாற்றியதற்குக் கவர்னர் வேலை. நெருக்கடியை நடத்தியவருக்கு மேற்பதவி தரலாமா என்று நாம் கேட்கும்போது, மார்க் போடுகிறவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அன்று போட்டது லண்டன். இன்று போடுவது நாம். நம் கையில் செல்போன்.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் பகிரங்கமாகவே பரிசோதிக்கப்பட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரம் விழுந்தபோது ரூடி ஜூலியானி நியூயார்க் மேயர். புழுதி படிந்த சட்டையோடு தெருவில் நின்று ஊருக்குத் தைரியம் சொன்னார். உலகமே அவரை அமெரிக்காவின் மேயர் என்றது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் இன்னொரு காரியமும் செய்தார்: முடியப்போகும் தன் பதவிக்காலத்தை மூன்று மாதம் நீட்டிக்கக் கேட்டார். கொடுக்கவில்லை. 2008 ஜனாதிபதித் தேர்தலுக்கான வேட்பாளர் போட்டியில் ஆரம்பத்தில் முன்னணியில் இருந்தவர், ஃபுளோரிடாவில் தோற்று ஜனவரியிலேயே ஒதுங்கினார். எனக்கு அந்தத் தோல்வியைவிட மூன்று மாதம் கேட்டதுதான் முக்கியமாகப் படுகிறது. தேர்தல் தோல்விக்கு ஆயிரம் காரணம் உண்டு. நான் இல்லாவிட்டால் ஊர் என்னாகும் என்று ஒருவருக்குத் தோன்ற ஆரம்பிப்பது வேறு விஷயம். நெருக்கடி சிலருக்குத் தரும் ருசி அது.

நம் பக்கம் வருவோம். டெல்டாவில் புயல், வெள்ளம் என்றால் தலைமை என்று யாரைச் சொல்கிறோம்? சேர்மனையா? இல்லை. ‘கலெக்டர் வந்துட்டாரா?’ என்றுதான் கேட்போம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். தரங்கம்பாடியும் பூம்புகாரும் அன்றைக்கு அந்த மாவட்டம்தான். அந்த ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த தஞ்சாவூர் மாவட்டத்தின் கலெக்டராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனை நாகைக்கு மாற்றினார்கள். அவர் பெயர் இன்றும் மீனவக் கிராமங்களில் வழங்குகிறது. அப்போது நாகை நகராட்சித் தலைவர் யார் என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்களிலேயே பலர் விழிப்பார்கள். அதில் அந்தத் தலைவருடைய குற்றம் எதுவும் இல்லை. பணமும் படையும் லாரியும் கலெக்டர் ஆபீஸில் இருக்கின்றன. 2005இல் வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டமும் மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரைத்தான் தலைவர் ஆக்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். இணைத் தலைவர் என்றால் என்ன என்பது கல்யாணப் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒரு படி மேலே போய்விட்டோம். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மாநிலம் முழுக்க ஒரு மேயர் இல்லை, ஒரு சேர்மன் இல்லை, ஒரு கவுன்சிலர் இல்லை, தனி அலுவலர்கள். அந்த இடைவெளியில் என்னென்ன வந்தன என்று பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை அடித்தது. 2017 செப்டம்பரில் காவிரி மகா புஷ்கரத்துக்கு மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் பன்னிரண்டு நாள் ஜனசமுத்திரம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா. வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. 2020இல் கொரோனா, 2021இல் அதன் இரண்டாவது அலை. ஒரு தலைமுறையின் நெருக்கடிகளெல்லாம் வரிசையில் வந்த காலத்தில், நெருக்கடியில் யார் எப்படி என்று ஊர்க்காரர்கள் தங்கள் சேர்மனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே இல்லாமல் போயிற்று. மேயர்கள் நாளைக்கு நாட்டை ஆளத் தகுதி உள்ளவர்களா என்று விவாதிக்கும் முன்னால், மேயர் என்று ஒருவர் இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான காலமும் ஒன்று இருந்தது. 1920களில் காங்கிரஸ்காரர்கள் நகராட்சிகளுக்குள் நுழைந்தார்கள். அலகாபாத்தில் நேரு, அகமதாபாத்தில் படேல், பாட்னாவில் ராஜேந்திர பிரசாத், கல்கத்தாவில் சித்தரஞ்சன் தாஸ், அவருக்குக் கீழே முதன்மை நிர்வாகியாக சுபாஷ் சந்திர போஸ். அதற்குச் சற்று முன்பே சேலத்தில் ராஜாஜி, ஈரோட்டில் ஈ.வெ. ராமசாமி. ஒரு நாட்டின் பிரதமர், துணைப் பிரதமர், குடியரசுத் தலைவர், கவர்னர் ஜெனரல் நால்வரும் சாக்கடைத் தகராறு தீர்த்துப் பழகியவர்கள் என்றால் இன்றைக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஈரோட்டுச் சேர்மன் மட்டும் அந்தப் படியில் மேலே ஏறாமல் வேறு வழி போனார். சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பு தேடி வந்தபோதும் வேண்டாம் என்றார். விருதுநகரில் இன்னும் வேடிக்கை: 1941இல் காமராஜ் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே அவரை நகராட்சித் தலைவர் ஆக்கினார்கள். விடுதலையாகி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்த கையோடு, இதை முழுதாகக் கவனிக்க எனக்கு நேரமில்லை என்று ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனார். தமிழ்நாடு தன் சிறந்த முதலமைச்சர் என்று பெரும்பாலும் சொல்லிக்கொள்பவரின் நகராட்சி அனுபவம் அவ்வளவே.

ராஜேந்திர பிரசாத்தின் கதைதான் நம் கேள்விக்கு மிக அருகில் இருப்பது. நகராட்சித் தலைவராக இருந்தார், பேரழிவில் தலைமை தாங்கினார், குடியரசுத் தலைவரும் ஆனார். ஆனால் அந்த வரிசையை உற்றுப் பார்த்தால் கணக்கு நேராக வருவதில்லை. பாட்னா நகராட்சியில் நினைத்ததைச் செய்ய முடியாமல் அவர் சீக்கிரமே விலகினார். பத்து வருஷம் கழித்து, 1934 ஜனவரி 15 மதியம் பீகாரில் பூமி அதிர்ந்தபோது அவர் அரசாங்கத்தின் கைதி. இரண்டொரு நாளில் விடுவித்தார்கள். உடம்பு சரியில்லாத மனிதர், ஆஸ்துமாக்காரர், உடனே மத்திய நிவாரணக் குழு அமைத்தார். வைஸ்ராய் திரட்டிய நிதியைவிடக் கைதி திரட்டிய நிதி பெரியதாக வளர்ந்தது. அந்த அக்டோபரில் பம்பாய் காங்கிரசுக்கு அவர் தலைவர்.

சாதாரண நாளில் தெருவிளக்கும் குப்பையும் தோற்கடித்தவரைப் பூகம்பம் தலைவராக்கிவிட்டது என்று இதைப் படிக்கலாம். நான் வேறு இடத்தைப் பார்க்கச் சொல்வேன். அந்த நிவாரணக் குழுவின் கணக்கு வழக்கைப் பார்க்க வந்தவர் ஜே.சி. குமரப்பா, தஞ்சாவூரில் 1892இல் பிறந்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். தொண்டர் ஒருவரின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்று அணா என்று அவர் வரம்பு கட்டினார். காந்தி கூட்டத்துக்காகப் பாட்னா வந்தபோது, அவருடைய பரிவாரத்தின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். காந்தி கோபித்துக்கொள்ளவில்லை. ராஜேந்திர பிரசாத் குமரப்பாவை மாற்றவும் இல்லை. நெருக்கடி நேரத்தில் தன்னைவிடக் கறாரான ஒரு கணக்குப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதற்குக் கட்டுப்பட்ட குணம் இருக்கிறதே, பெரிய பதவிக்கு அதைத் தகுதியாக எழுதிக்கொள்ளலாம். கூடாரத்தில் நின்று கம்பளி கொடுத்த புகைப்படத்தில் அது தெரியாது. குமரப்பா கடைசிவரை எந்த ஆட்சிப் பதவிக்கும் போகவில்லை. அவரை யாராவது தேர்தலில் நிறுத்தியிருந்தாலும் டெபாசிட் போயிருக்கும்.

1927இல் இரண்டு வெள்ளங்கள் வந்தன. ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கரை உடைத்தது; ஜூலையில் குஜராத்தில் பேய்மழை. அங்கே நிவாரணத்தை நடத்தியவர் வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர். முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்கு உணவு அனுப்பிப் பெயர் வாங்கியவர். இங்கே நடத்தியவர் அகமதாபாத் நகராட்சித் தலைவர் வல்லபபாய் படேல். ஹூவர் அடுத்த ஆண்டே தேர்தலில் நின்று ஜனாதிபதி ஆனார். பதவியேற்ற ஏழு மாதத்தில் பங்குச் சந்தை சரிந்தது, பெருமந்தம். பசியில் இருந்தவனுக்குச் சோறு போடுவதில் உலகத்திலேயே கெட்டிக்காரர் என்று பேரெடுத்தவர், தன் சொந்த ஜனங்களுக்கு மத்திய அரசாங்கம் நேராகப் பணம் கொடுத்தால் அவர்கள் கெட்டுவிடுவார்கள் என்று நம்பியதால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 1932இல் மக்கள் துடைத்தெறிந்தார்கள். வெள்ளத்தில் அவருக்கு எதிரி தண்ணீர். மந்தத்தில் எதிரி அவருடைய கொள்கையே.

வெள்ள காலத்திலேயே அதற்கு ஓர் அடையாளம் இருந்தது, பார்த்தவர்கள் குறைவு. மிசிசிப்பிக் கரையோர முகாம்களில் கறுப்பு மக்களைத் துப்பாக்கிக் காவலோடு அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். விசாரிக்கக் குழு போட்ட ஹூவர், கண்டது வெளியே பெரிதாகப் பேசப்படாமல் பார்த்துக்கொண்டார். நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு நாகை முகாம்களில் தலித் மக்கள் தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் ஒதுக்கப்பட்டதாக அப்போதே செய்திகள் வந்தன. பேரழிவு ஜாதியைக் கரைத்துவிட்டது என்று மேடையில் பேசியவர்கள் முகாமின் பின்பக்கத்துக்குப் போயிருக்க மாட்டார்கள்.

படேல் விஷயம் வேறு. 1927 வெள்ளத்தை அவர் நடத்தியபோது அகமதாபாத் நகராட்சிக்குள் நுழைந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. 1917இல் பிளேக் வந்து ஊர் காலியானபோது சுகாதாரக் குழுத் தலைவராக ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர். அதற்கப்புறம் குடிநீர்க் குழாய், சாக்கடை, வரி பாக்கி என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறார். பிற்பாடு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களைச் சேர்த்தவரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் இரும்பு என்கிறார்கள். ஒவ்வொரு ராஜாவிடமும் எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று தனித்தனியாகப் பேசி முடித்த பொறுமை வரி பாக்கி வசூலித்த இடத்திலிருந்து வந்தது என்பது என் ஊகம்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் ராஜாஜி. 1952இல் அவர் மறுபடி முதலமைச்சர் ஆனபோது சென்னை மாநிலத்தில் அரிசித் தட்டுப்பாடு, ரேஷன், நெல் கொள்முதல் கெடுபிடி. ஒரு மாவட்டத்து நெல் அடுத்த மாவட்டம் போகக்கூடாது. அந்த ஜூனில் கட்டுப்பாட்டை ஒரேயடியாக நீக்கினார். நாடு கவிழும் என்று பயந்தவர்கள் உண்டு, கவிழவில்லை. ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். பண்ணையாட்களும் குத்தகைக்காரர்களும் கம்யூனிஸ்டுகள் பின்னால் திரண்டு டெல்டா கொதித்துக்கொண்டிருந்த நேரம். கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் விரோதி என்று சொன்ன அதே மனிதர் மிராசுதார்களின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் அதைக் கொண்டுவந்தார். நவம்பர் 30 அன்று புயல் நாகப்பட்டினத்தில் ஏறித் தஞ்சை மாவட்டத்தைப் புரட்டியது. ஒரே ஆண்டில் மூன்று நெருக்கடி. சேலத்துச் சேர்மன் தாக்குப்பிடித்தார்.

மறு ஆண்டு, யாரும் நெருக்கடி என்று சொல்லாத ஓர் அமைதியான நாளில், ஆரம்பப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று ஒரு திட்டம் போட்டார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் விழுந்தது. 1954 ஏப்ரலில் பதவி போயிற்று. உட்கார்ந்த கையோடு விருதுநகர் நாற்காலியை விட்டு எழுந்த காமராஜ் வந்து அந்தத் திட்டத்தை ரத்து செய்தார். அரிசித் தட்டுப்பாட்டில் ஜெயித்தவர் பள்ளிக்கூட மணியில் தோற்றார். புயல் அடிக்கும்போது எல்லார் கண்ணும் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்கும். யாரும் பார்க்காத நாளில் ஒருவருக்கு எது சரி என்று படுகிறது என்பதைப் புயல் காட்டாது.

சமகால உதாரணம் கேட்டால் மு.க. ஸ்டாலின். 1973இல் மஸ்டர் ரோல் ஊழலுக்குப் பிறகு கலைக்கப்பட்ட சென்னை மாமன்றம் 1996இல்தான் மறுபடி கூடியது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் அவர். 2001இல் மீண்டும் வென்றார். ஒருவர் இரண்டு பதவி வகிக்கக்கூடாது என்று 2002இல் சட்டம் வந்ததும் மேயர் பதவி போயிற்று. முதலமைச்சர் ஆனது 2021 மே 7, கொரோனா இரண்டாவது அலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது. மேயர் அனுபவம் கைகொடுத்ததா? ஆதரவாளர்கள் கொடுத்தது என்பார்கள். இடையில் உள்ளாட்சி அமைச்சர், துணை முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் என்று அவர் வகித்த பதவிகளைக் கணக்கில் எடுத்தால் இதில் எது எதற்குக் கைகொடுத்தது என்று பிரிக்க முடியாது. தகப்பனார் யார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இருபது வருஷ இடைவெளிதான். பாலம் கட்டிய மேயரை மறுநாளே கோட்டைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவர் முதலமைச்சராக இருந்தபோது, 2022 நவம்பர் 11 அன்று, சீர்காழியில் ஒரே நாளில் 43 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நூறு வருஷத்தில் இல்லாத மழை என்றார்கள். சம்பா நட்டு வேர் பிடிக்கும் பருவம். சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் பயிர் எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. முதலமைச்சர் வந்து பார்த்தார். இரண்டு வட்டத்துக்கும் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. நகராட்சி, பேரூராட்சிகளில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வந்து எட்டு மாதம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றவர்கள் உண்டு, ராத்திரியெல்லாம் மோட்டார் வைத்து இறைத்தவர்கள் உண்டு. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் நான்கு நாள் நின்றது என்பதற்கான பதில் நவம்பரில் இல்லை. அது சித்திரை, வைகாசியில் இருக்கிறது. எந்த வடிகாலை எவ்வளவு ஆழம் தூர்வாரினார்கள், எந்த ஒப்பந்தக்காரர் கரையைச் சுரண்டிவிட்டுப் பில் போட்டார், எந்த வாய்க்காலின் மேல் கடை ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு யார் சிபாரிசு. வெயிலில் நின்று அதைப் பார்த்தவருக்கு யாரும் படம் எடுப்பதில்லை.

இங்கே டெல்டாக்காரனுக்கு மட்டும் சட்டென்று புரியக்கூடிய ஒன்று இருக்கிறது. வெள்ளத்தில் தண்ணீர் எல்லாருக்கும் பொது எதிரி. அணைக்கரைக்காரனும் கொள்ளிடத்துக்காரனும் சேர்ந்து மணல் மூட்டை போடுவார்கள். எதிர்க்கட்சிக்காரர் டிராக்டர் தருவார். அதிகாரி கையெழுத்துக்கு இழுத்தடிக்க மாட்டார். தலைமை தாங்குகிறவர் சொன்னால் நடக்கும். ஜூன் மாதத்துக் காவிரி அப்படியல்ல. மேட்டூர் திறந்த தண்ணீர் கல்லணையைத் தாண்டி, தலைமடையெல்லாம் குடித்தது போகத்தான் மயிலாடுதுறைக்கு வரும். கடைமடை குறுவைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீர் இல்லை, அல்லது இருப்பது அடுத்தவனிடம் இருக்கிறது. அவனும் விவசாயிதான், அவன் கேட்பதும் நியாயம்தான். மாநிலத்துக்கு வெளியே கர்நாடகம். நடுவர் மன்றத் தீர்ப்பு 2007, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018, தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. இத்தனைக்குப் பிறகும் குறைந்த மழை வந்தால் முதலிலிருந்து ஆரம்பம். ஒரு நாட்டின் தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் இந்த ஜூன் மாத வேலைதான். இரண்டு நியாயங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்க வேண்டும். யாரும் சொன்னதைக் கேட்க மாட்டார்கள். நவம்பர் வெள்ளத்தில் ஜெயித்த பழக்கத்தோடு, சொன்னால் நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு அங்கே போகிறவர் முதல் ஆறு மாதத்தில் எரிச்சல்படுவார், ஒரு வருஷத்தில் அதிகாரத்தைக் குவிப்பார். அப்புறம் நெருக்கடி இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று அறிவிப்பார். 1975 ஜூனில் நாம் அதைப் பார்த்திருக்கிறோம்.

நம் நாட்டின் குடியரசுத் தலைவர் பதவி அமெரிக்க ஜனாதிபதியைப் போல ஆளும் பதவி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்தில் பிறந்து அந்த நாற்காலியில் 1987 முதல் 1992 வரை உட்கார்ந்த ஆர். வெங்கட்ராமன், அந்தப் பதவியை மின்சாரம் போனால் தானாக எரிந்து, வந்தால் தானாக அணையும் அவசர விளக்குக்கு ஒப்பிட்டார். அவர் காலத்தில் ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என்று நான்கு பிரதமர்கள். விளக்குக்கு வேலை இருந்தது. அந்த ஒப்பீட்டில் எரிவதைவிட அணைவதற்குத்தான் அதிக அறிவு வேண்டும். விக்கிரமபுரி ஞானாம்பாளும் ஒரு கட்டத்தில் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகிறாள். பதவி நீட்டிப்புக் கேட்கவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. நெருக்கடியில் நன்றாக நடந்துகொண்டவரை நம்பலாம், ஓர் அளவுக்கு. ஓடிப்போகாதவர் என்பது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அதுவே சின்ன விஷயமில்லை, ஓடிப்போனவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அது ஒரு சாட்சி மட்டும். அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதக்கூடாது. வெள்ளத்துக்கு முந்தைய கோடையில் என்ன செய்தார், நிவாரணக் கணக்கைக் கேட்டவருக்கு என்ன பதில் சொன்னார், முகாமில் கடைசியில் நின்றவருக்கு என்ன கிடைத்தது, தண்ணீர் வடிந்த பிறகு மாலையைக் கழற்றினாரா.

நகராட்சித் தேர்தல் மறுபடி வரும்போது வேட்பாளர்கள் வெள்ளத்தில் நின்ற படத்தைப் போட்டு நோட்டீஸ் அடிப்பார்கள். மயிலாடுதுறையில், சீர்காழியில் இருக்கிற வாசகர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நோட்டீஸை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வார்டு வடிகாலை எந்த மாதம் தூர்வாரினார்கள், அதற்கு எவ்வளவு பில் ஆனது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றத் தேர்தலுக்கும் அந்தப் பெயர் உதவும்.